பூ வைத்த கல்

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் என் மாமியார் டாஃபடில் பூக்கட்டு ஒன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பிறந்த ஊர்த் தேவாலயத்துக்குப் போவார். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், சார்ன்வுட் காட்டுப் பகுதியை ஒட்டிய சின்னக் கிராமம். தேவாலயத்தைச் சுற்றி இருக்கும் கல்லறைத் தோட்டத்தில், மேற்கு மதிலோரம் வரிசையாகச் சாத்தி வைத்திருக்கும் பழைய கற்களில் இடமிருந்து நான்காவது கல்லின் அடியில் பூவை வைப்பார். ஒரு நிமிடம் நிற்பார். கல்லின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார், தெரிந்த பையனைத் தட்டிக்கொடுப்பது போல. அப்புறம் வீட்டுக்கு வந்து டீ. அவருக்கு எட்டு வயது இருக்கும்போது, 1948-இல், அவருடைய அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அந்தக் கல்லைக் காட்டி, "இவர் நம்ம ஆள்" என்று சொன்னாராம். அன்றிலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. அப்பா போன பிறகும், கணவர் போன பிறகும் போனார். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாதபோதும் போனார். அன்றைக்குக் கார் ஓட்டியது நான்தான்.

அந்தக் கல் அவருடைய ஆளுடையது இல்லை. அதைக் கண்டுபிடித்தவளும் நான்தான். கண்டுபிடித்து ஐந்து மாதம் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நெஞ்சில் முள் மாதிரி கிடந்த அந்த ஐந்து மாதத்தைப் பற்றி எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்கும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆட்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதவில்லை. மாமியார் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.

ஒரே பெயரில் பல பேர்

என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். என் பக்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது. தாத்தா, கொள்ளுத் தாத்தா, அவருக்கு அப்பா என்று மூன்று பெயரை என் அப்பா போனில் சொன்னார். அதற்கு மேல் "தெரியலயேம்மா" என்று நிறுத்திக்கொண்டார். என் கணவர் பக்கம் அப்படி இல்லை. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-இல் போட்ட உத்தரவிலிருந்து, இங்கிலாந்தின் ஒவ்வொரு ஊர்த் தேவாலயத்திலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதி வருகிறார்கள். எலி தின்றதும் ஈரத்தில் உளுத்ததும் போக மிச்சம் இருப்பதே ஏராளம். 1837 ஜூலை 1 முதல் அரசாங்கமும் தனியாகப் பதிவு செய்ய ஆரம்பித்தது. கூலிக்கு உழைத்த ஒரு குடும்பத்தைக்கூடப் பல தலைமுறை பின்னால் தொடர்ந்து போகலாம். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

மாமியார் அந்தக் கல்லில் இருந்த பெயரைத்தான் மரத்தின் அடிவேராக எழுதச் சொன்னார். அவருக்கு எள்ளுத் தாத்தாவின் அப்பா. நான் மேலிருந்து கீழே வராமல், தெரிந்த இடத்திலிருந்து பின்னால் போனேன். எள்ளுத் தாத்தா 1846-இல் அதே தேவாலயத்தில் கல்யாணம் செய்தவர். இங்கே கல்யாணச் சான்றிதழில் மாப்பிள்ளை, பெண் இருவருடைய அப்பா பெயரும் தொழிலும் இருக்கும். நகல் தபாலில் வந்தது. அப்பா பெயர், கல்லில் இருந்த அதே பெயர். தொழில், காலுறை பின்னும் தறிக்காரர். மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "பார்த்தாயா, மீ டக்" என்றார். லெஸ்டர் பக்கத்தில் வயதானவர்கள் பிரியமானவர்களை இப்படித்தான் வாத்து என்று கூப்பிடுவார்கள். நாம் கண்ணு என்பது மாதிரி.

பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதை வைத்து அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். நமக்குப் பேரன் என்ற சொல்லே தாத்தாவின் பெயரைக் கொண்டவன் என்றுதான் வந்தது. பெரியப்பா மகன், சித்தப்பா மகன் எல்லோருக்கும் ஒரே தாத்தா பெயரை வைத்துவிட்டு, நெட்டையன், கட்டையன் என்று பட்டப் பெயரால் கூப்பிடுகிற வீடுகளில் வளர்ந்தவள் நான். இந்த ஊர்களிலும் அதே கதைதான். ஜான், வில்லியம், தாமஸ் என்ற சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும். ஒரே குடும்பப் பெயர் நாலு வீட்டில் இருந்தால், ஒரே முழுப்பெயரோடு ஒரே காலத்தில் மூன்று ஆண்கள் நடமாடியிருப்பார்கள்.

கல்லைப் பார்த்த கண்

உறுத்தல் தொடங்கியது கல்லிலிருந்துதான். அந்தக் கல் ஸ்வித்லேண்ட் ஸ்லேட். சார்ன்வுட் காட்டில் வெட்டி எடுத்த சாம்பல் நீலக் கல். பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதின் முதல் பாதியிலும் இந்த வட்டாரக் கல்லறைத் தோட்டங்களில் அதற்கு இருந்த மதிப்பு வேறெதற்கும் இல்லை. பிறகு கால்வாய் வழியாகவும் ரயிலிலும் வேல்ஸ் நாட்டு ஸ்லேட் மலிவாக வந்து இறங்க, இங்கே வெட்டுவது நின்றுபோனது. கல்லின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், பின்பக்கம் மலையிலிருந்து பெயர்த்தது பெயர்த்தபடி கரடுமுரடாகக் கிடக்கும். பக்கத்தில் நிற்கும் மணற்கற்கள் அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்கின்றன. அவற்றில் பெயரைப் படிக்க, கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்ய வேண்டும். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது, எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். ஸ்லேட்டுக்கு எந்தப் பாடும் இல்லை. 1838 என்ற எண்ணில் எட்டின் இடுப்பு எவ்வளவு ஒல்லியாகச் செதுக்கப்பட்டதோ அப்படியே இருக்கிறது. சுருள் சுருளான எழுத்து, உச்சியில் ஒரு ஜாடி, ஜாடி மேல் போர்த்திய துணியின் மடிப்பு. ஒரு தடவை பூ வைக்கும்போது புல்லை விலக்கினேன். அடி ஓரத்தில், மண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே, செதுக்கியவர் தன் பெயரைப் பொடி எழுத்தில் வெட்டியிருந்தார். பெயர் போட்டுக் கொடுக்கும் அளவுக்கு அது ஒரு கைவேலை. காசுள்ளவர் வாங்கும் சரக்கு.

தறிக்காரருக்கு அந்தக் காசு ஏது? நான் தறிக்காரர் பேத்தி. அருப்புக்கோட்டைப் பக்கம் என் தாத்தா குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்தே ஆயுளைக் கழித்தவர். நூல் முதலாளியுடையது, கூலி முதலாளி சொன்னது. லெஸ்டர்ஷயர்க் காலுறைக்காரர்கள் கதையைப் படிக்கப் படிக்க எனக்குத் தாத்தாவின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. நாட்டிங்ஹாம்ஷயரில் வில்லியம் லீ என்பவர் 1589-இல் கண்டுபிடித்த பின்னல் தறி அது. இருநூறு வருஷம் கழித்து இந்த வட்டாரக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு அதுதான் பிழைப்பு. தறி அவர்களுக்குச் சொந்தமில்லை, வாடகை. வேலை இருக்கிற வாரமும் இல்லாத வாரமும் வாடகை உண்டு, அதைக் கூலியில் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் கொடுப்பார்கள். இவர்கள் படும் பாட்டை விசாரிக்க நாடாளுமன்றம் ஓர் ஆணையரை அனுப்பி 1845-இல் அறிக்கையே வந்தது. ஆனாலும் தறி வாடகைப் பிடித்தம் சட்டப்படி ஒழிந்தது 1874-இல்தான். 'காலுறைக்காரனைப் போல ஏழை' என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. இப்படிப்பட்டவர்களின் புதைகுழி மேல் கல் எங்கே வரும்? மரப்பலகை நட்டால் உண்டு. பலகை இருபது முப்பது வருஷத்தில் மண்ணோடு மண்.

சந்தேகத்தை ஒரே ராத்திரியில் தீர்த்துக்கொள்ள முடிந்தது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் இருப்பதால். 1841 கணக்கெடுப்பில் பெரியவர்கள் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். அந்த ஏட்டில் அவர் இருந்தார், வயது 45, தொழிலுக்கு நேரே எஃப்.டபிள்யூ.கே. என்ற மூன்று எழுத்துச் சுருக்கம், பின்னல் தறிக்காரர் என்று பொருள். கணக்கெடுத்தவருக்கே எழுதி எழுதிக் கை ஓய்ந்திருக்கும், பக்கம் முழுக்க அதே சுருக்கம்தான். 1851 ஏட்டைத் திறந்தேன். அதே தெரு, மனைவியை இழந்தவர், வயது 55, காலுறைத் தறிக்காரர். கூடவே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். மகன் பெயர், கல்யாணச் சான்றிதழில் இருந்த அதே எள்ளுத் தாத்தா. ஆள் அவரேதான். 1838-இல் இறந்ததாகக் கல் சொல்லும் மனிதர் 1851-இல் உயிரோடு தறியில் உட்கார்ந்திருக்கிறார். மணி ஒன்றரை. கணவர் தூங்கிவிட்டார். நான் மடிக்கணினியை மூடிவிட்டு அடுப்படியில் போய்த் தண்ணீர் குடித்தேன்.

கல்லுக்கு உரியவர் யார் என்பதும் அடுத்த வாரமே தெரிந்தது. அதே பெயரில் ஒரு மேய்ச்சல் நிலக்காரர், உயில் எழுதி வைத்துவிட்டு 1838-இல் 63 வயதில் இறந்திருந்தார். அந்தக் காலத்தில் உயில்களை மெய்ப்பித்தது தேவாலய நீதிமன்றங்கள், அதனால் அவையும் பத்திரமாக இருக்கின்றன. அவருக்கு நிலமும் மாடும் இருந்தன. வாரிசாக ஆண் பிள்ளை இல்லை. அவருக்காக ஈஸ்டருக்குப் பூ வைக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சொல்வதா வேண்டாமா

கணவரிடம் சொன்னேன். "அம்மாவுக்கு எண்பத்தைந்து வயது. விட்டுவிடேன்" என்றார். அவருக்கு அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எனக்கு ஆறவில்லை. ஊருக்குப் போன் போட்டு என் அம்மாவிடம் கேட்டேன். அம்மா முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்தம்மா எழுவது வருசமா பூ வச்சிருக்கு. அதுக்கப்புறமும் அது யாரு கல்லுன்னு என்ன கேள்வி? நம்ம எல்லக் கோயில்ல நிக்குற கல்லு யாருன்னு தெரிஞ்சா கும்புடுறோம்? பூ வச்சா அது சாமி. போ, போய் வேலையப் பாரு." போனை வைத்த பிறகு வெகுநேரம் அம்மா சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒரு வீரன் கல் இருக்கிறது. கையில் வாள், காலடியில் நாய். பெயர் இல்லை. ஆடி மாதம் பொங்கல் வைப்போம். அவன் எங்கள் சாதிதானா, எங்கள் ஊர்தானா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனுக்கு இத்தனை காலம் பொங்கல் கிடைத்திருக்காது.

இருந்தாலும் அது வேறு, இது வேறு என்று பட்டது. எங்கள் வீரன் கல் யாரையும் மறைக்கவில்லை. இங்கே ஒரு கல் ஒரு மனிதனை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பூ போய்ச் சேர்வது பண்ணைக்காரருக்கு. முதுகு ஒடியத் தறியில் உட்கார்ந்து, ஒரு பலகைகூட மிஞ்சாமல் போனவருக்கு இந்த ஒரு கட்டுப் பூவும் தவறிப் போவதா? நான் தறிக்காரர் பேத்தியாக இல்லாவிட்டால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. கல்லில் நாம் கேட்க ஆசைப்படுவதைக் கேட்டுக்கொள்வது நமக்கும் பழக்கம்தான். ஜி.யு. போப்பின் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறித்திருப்பதாகப் பள்ளிக்கூட மேடையில் நானே பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தபோது அந்தச் சொல் கல்லில் இல்லை. 1908-இல் இறந்த அவருக்கு அவர் குடும்பமும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை வைத்ததாகத்தான் எழுதியிருக்கிறது. கடல் கடந்து காசு அனுப்பிய தமிழர்கள் இருந்திருக்கிறார்கள். நான் மேடையில் பேசியதைவிட அது எனக்குப் பெரிதாகத் தோன்றியது. உண்மை எப்போதும் கையை வெறுமையாக விட்டுவிடாது என்று ஒரு தைரியம் அன்று வந்தது. சரி, மாமியாரிடம் வெறுங்கையோடு போகக் கூடாது, அவருடைய ஆள் எங்கே என்று தெரிந்துகொண்டு போவோம் என்று முடிவு செய்தேன்.

ஏட்டில் ஒரு வரி

இறப்புப் பதிவு எளிதில் கிடைத்தது. 1855 பிப்ரவரி, வயது 59, நெஞ்சுச் சளி. இறந்த இடம் ஒர்க்ஹவுஸ். 1834 ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு, பல ஊர்களை ஒன்றியமாகச் சேர்த்துக் கட்டிய ஏழை விடுதி. கணவனை ஒரு பக்கம், மனைவியை ஒரு பக்கம், பிள்ளைகளை ஒரு பக்கம் பிரித்து வைத்து, சீருடை கொடுத்து, கல் உடைக்க விடும் இடம். அந்த வாசலை மிதிப்பதை மானக்கேடாக நினைத்துப் பட்டினி கிடந்தவர்கள் உண்டு. இவர் மிதித்திருக்கிறார். 1855 பிப்ரவரி இங்கிலாந்தில் உறைபனி விடாமல் இறுகிய மாதம். வேலை இல்லை, தறி வாடகை நிற்கவில்லை, வீட்டில் மகனுக்கு வரிசையாகக் குழந்தைகள். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இங்கிலாந்து இறப்புச் சான்றிதழில் எங்கே புதைத்தார்கள் என்று இருக்காது. விடுதி இருந்த ஊர் வேறு, இவர் ஊர் வேறு, இடையில் ஆறு மைல். விடுதியில் இறந்த ஏழையை விடுதி இருக்கும் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே புதைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். விக்ஸ்டனில் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பேனாவை வாசலிலேயே வாங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். விடுதி ஊரின் அடக்கப் பதிவேட்டைப் படச்சுருளில் ஓட்டிப் பார்த்தேன். 1813 முதல் எல்லா ஊருக்கும் ஒரே அச்சுப் படிவம், பக்கத்துக்கு எட்டுப் பதிவு: பெயர், வசிப்பிடம், அடக்கம் செய்த தேதி, வயது, செய்துவைத்த பாதிரியார் கையெழுத்து. பிப்ரவரியும் மார்ச்சும் முழுக்கப் பார்த்தேன். இல்லை. மறுபடி பார்த்தேன். இல்லை. எனக்கு உள்ளுக்குள் வேறு பயம் வந்தது. 1832 உடற்கூறியல் சட்டப்படி, உறவு என்று யாரும் வந்து கேட்காத விடுதி உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு அறுத்துப் பார்க்கக் கொடுக்கலாம். மாமியாரிடம் இதையா கொண்டுபோய்ச் சொல்வேன்?

மதியம் சாப்பிடாமல் அவருடைய சொந்த ஊர்ப் பதிவேட்டை எடுத்தேன். நம்பிக்கையோடு எடுக்கவில்லை. பக்கத்தில் ஐந்தாவது பதிவு. பெயர். வயது 59. இறந்து நான்காம் நாள். வசிப்பிடம் என்ற கட்டத்தில் மற்ற ஏழு பேருக்கும் ஊர்ப் பெயர். இவருக்கு மட்டும் 'யூனியன் ஒர்க்ஹவுஸ்'. எழுதிய பாதிரியாரின் மை அந்த இரண்டு சொல்லில் கொஞ்சம் தடித்திருந்தது, கட்டத்துக்குள் அடக்க நெருக்கி எழுதியிருந்தார்.

முதலில் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. ஊருக்கு வந்துவிட்டார் என்ற நிம்மதி மட்டும்தான். சட்டத்தைத் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. 1844 சட்டத் திருத்தப்படி, ஏழையின் உடலை ஒன்றியம் அடக்கம் செய்தால், பொதுவாக இறந்த இடத்து ஊரில்தான் புதைக்க வேண்டும், இறந்தவரோ அவருடைய கணவன், மனைவி, நெருங்கிய உறவோ வேறு விருப்பம் சொன்னாலொழிய. அப்படியானால் யாரோ விருப்பம் சொல்லியிருப்பார்கள். மனைவி ஏற்கெனவே போய்விட்டாள். ஒன்று, சாகக் கிடந்தவர் தானே வாய் திறந்து, என்னை ஊருக்குக் கொண்டுபோங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மகன் அந்த உறைபனியில் ஆறு மைல் நடந்து போய், விடுதி வாசலில் நின்று, அப்பாவைக் கொடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். எப்படி இருந்தாலும் ஒருவர் கேட்டிருப்பார், கொண்டுவந்தார்கள். நான் அங்கேயே மேசையில் பென்சிலை வைத்துவிட்டு அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எதுவும் கேட்காமல் காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை நகர்த்தினார். அந்த அறையில் அது அடிக்கடி நடப்பதுதான் போலிருக்கிறது.

ஆறு மைல்

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை சொன்னேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, காகிதங்களை வரிசையாக வைத்துச் சொன்னேன். மாமியார் குறுக்கே பேசவில்லை. கணக்கெடுப்பு நகலில் வயதை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்பா பெயரை மட்டும் பார்த்திருப்பார்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஒர்க்ஹவுஸா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. எண்பத்தைந்து வயதிலும் அந்தச் சொல் குத்துகிறது. அப்போது பதிவேட்டு நகலை எடுத்து, சட்டம் சொல்வதையும் சொன்னேன். காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "மகன் போய்க் கூட்டி வந்திருக்கிறான்" என்றார். "அப்படித்தான் இருக்கும், மம். இல்லாவிட்டால் இவரே கேட்டிருப்பார்" என்றேன். "இல்லை, மகன்தான்" என்று முடித்துவிட்டார்.

எங்கே புதைத்தார்கள் என்று கேட்டார். அதற்கு அடக்கப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. ஊரில் வசித்தவருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாக உரிமை உண்டு, இன்ன இடம் என்று உரிமை கிடையாது. அதே மண்ணைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டித் தோண்டிப் புதைத்ததால்தான் பழைய தேவாலயங்கள் பள்ளத்தில் இறங்கி நிற்பது போலத் தெரிகிறது. உண்மையில் சுற்றியுள்ள மண் உயர்ந்திருக்கிறது. வெயில் படாத வடக்குப் பக்கத்தை யாரும் விரும்ப மாட்டார்கள், ஏழைகளுக்கும் வெளியூராருக்கும் அங்கே ஒதுக்குவது பழைய வழக்கம். அதை வைத்து வடக்கே ஓர் இடத்தைக் காட்டி இதுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தப்பான கல்லை எடுத்துவிட்டு இன்னொரு தப்பான இடத்தைக் கொடுப்பதா? "அந்த வேலிக்குள் இருக்கிறார், மம். அவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும்" என்றேன். தலையாட்டினார். பிறகு கேட்டார்: "உன் தாத்தாவுக்கு இடம் தெரியுமா?" எங்கள் பக்கம் புதைக்கிற வழக்கம். அப்பா எனக்குச் சின்ன வயதில் ஒரு புளியமரத்திலிருந்து எட்டு எடுத்து வைத்துக் காட்டியிருக்கிறார். இப்போது அந்த மரம் இல்லை. அதைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

மறுநாள் வழக்கமான வழியில் போக வேண்டாம் என்றார். விடுதி இருந்த ஊருக்குப் போய், அங்கிருந்து பழைய சாலையிலேயே ஊருக்கு வர வேண்டுமாம். அப்படியே ஓட்டினேன். மாமியார் மடியில் பூக்கட்டை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டியிலா, தோளிலா, வண்டி என்றால் யார் இரவல் கொடுத்திருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நாலாவது மைல் தாண்டி ஒரு நீண்ட ஏற்றம் வரும். காரில் போகும்போது அது ஏற்றம் என்றே இத்தனை வருஷம் எனக்குத் தெரிந்ததில்லை. உச்சியில் நிறுத்தச் சொன்னார். "இங்கே நின்றிருப்பார்கள். குதிரையானாலும் மனிதனானாலும் இங்கே நிற்காமல் முடியாது" என்றார். இன்ஜினை அணைத்துவிட்டு நாங்களும் நின்றோம்.

ஊர்த் தேவாலய வாசலில் ஓடு போட்ட பழைய வாயில் மண்டபம் உண்டு. லிச்கேட் என்பார்கள், லிச் என்றால் பழைய ஆங்கிலத்தில் பிணம். இந்த மண்டபத்தின் உத்தரத்தில் ஆயிரத்து எழுநூறுகளின் தேதி ஒன்று வெட்டியிருக்கும். நடுவில் இடுப்பளவு உயரத்தில் நீளமான ஒரு கல், பெட்டியை இறக்கி வைக்க. சுமைதாங்கிக் கல் என்று நான் அதற்கு முன்பே மனதுக்குள் பெயர் வைத்திருந்தேன். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 ஜெப புத்தகம், அடக்கத்துக்கு வரும் உடலைப் பாதிரியார் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் வந்து எதிர்கொள்ள வேண்டும் என்கிறது. பணக்காரனானாலும் விடுதி ஏழையானாலும் அங்கே நின்றாக வேண்டும். இதைச் சொல்லிக்கொண்டே மாமியாரைக் கைத்தாங்கலாக மண்டபத்துக்குள் கூட்டி வந்தேன். அவர் நின்றுவிட்டார். "அப்படியானால் இதில் வைத்திருப்பார்கள்" என்றார். "வைத்திருப்பார்கள், மம்." கல்லின் விளிம்பு தேய்ந்து உருண்டிருந்தது. உள்ளங்கையை அதன் மேல் மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினார். ஈரத்துணியைப் பிரித்துப் பூக்கட்டை அதன் நடுவில் வைத்தார்.

காற்று அடித்ததால் பூ விழாமல் இருக்க ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தண்டின் மேல் வைத்தேன். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். மாமியார் மேற்கு மதில் பக்கம் பார்த்தார். "அவரையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். எழுபது வருஷப் பழக்கம்" என்று கைத்தடியை எடுத்துக்கொண்டார்.